அட்டை இல்லாத ஊர்

இழுக்காதீங்க சார், இழுக்காதீங்க! பிடிச்சு இழுத்தா பல்லு உள்ள நின்னுரும், அப்புறம் ஒரு வாரத்துக்கு அரிச்சே கொல்லும். காலைத் தூக்கி சீட்டு மேல வைங்க. பரவாயில்ல வைங்க, இந்த கவர்மெண்டு ஆனவண்டி சீட்டுக்கு இதுக்கு மேல என்ன கேடு வந்துரப் போகுது. என் பையில உப்பு இருக்கு. மழைக்காலத்துல எங்காளுக வாட்சு கட்டாமக்கூட வெளிய போவாங்க, உப்புப் பொட்டலம் இல்லாமப் போக மாட்டாங்க. இந்தா... அவ்வளவுதான். அட்டை சுருண்டு விழுந்திருச்சு பாத்தீங்களா. ரத்தம் கொஞ்ச நேரம் வந்துக்கிட்டுத்தான் இருக்கும், அதுக்குப் பயப்படாதீங்க. டிக்கெட்டைக் கிழிச்சு அது மேல ஒட்டி வைங்க. செக்கர் இந்த மழையில எங்க வரப் போறாரு.

ரோட்டுக்குக் குறுக்க விழுந்து கிடக்கிற மரத்தைப் பாக்க இறங்கினீங்கள்ல, ஓரத்துப் புல்லுல நின்னிருப்பீங்க. கீழ இருந்து வர்றவங்க மரத்தைப் பாப்பாங்க, மலையைப் பாப்பாங்க, மஞ்சு இறங்குறதை போட்டோ எடுப்பாங்க. நாங்க காலைப் பாப்போம். எஸ்டேட்டு லயத்து வீட்டுல பிறந்த பிள்ளை நடக்கப் பழகும்போதே இதையும் சேத்துப் பழகிரும். நாலு எட்டு வைக்க வேண்டியது, குனிஞ்சு காலைப் பாக்க வேண்டியது, மறுபடி நாலு எட்டு. அப்புறம் எங்க போனாலும் அது விடாது சார். கோட்டயத்துல ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தோம். பளபளன்னு பளிங்குத் தரை. நான் குனிஞ்சு குனிஞ்சு பாத்துக்கிட்டே பந்திக்குப் போறேன். பொண்ணு வீட்டுக்காரர் ஓடி வந்து, சேட்டன் மோதிரத்தைக் கீதத்தைத் தொலைச்சிட்டீங்களான்னு கேட்டுட்டாரு. சம்சாரம் இன்னைக்கும் அதைச் சொல்லிச் சிரிப்பா.

மரம் வெட்டுற ஆளுக வந்தாச்சா? இல்லையா. மெஷினோட கிளம்பிட்டாங்கன்னு கண்டக்டர் சொல்லி எம்புட்டு நேரமாச்சு. தப்பா நினைக்காதீங்க, நான் இப்படித்தான் எந்திரிச்சு எந்திரிச்சு எட்டிப் பாப்பேன். இன்னைக்கு என்னால ஒரு இடத்துல உக்கார முடியல.

சார், ஒண்ணு கேட்டா கோவிச்சுக்க மாட்டீங்களே. உங்க ஃபோன்ல டவர் எடுக்குதா? ரெண்டு கோடா? ரெண்டு போதும் சார், தாராளம். என்னுதுல ஒண்ணுமே இல்ல, பாருங்க. எங்க எஸ்டேட்டுல டவர் செத்து ரெண்டு நாளாச்சு. கறண்டு போச்சுன்னா டவரும் போயிரும். அதுக்காகத்தான் இந்த பஸ்ஸே ஏறினேன். வண்டிப்பெரியார்ல கயிறும் தார்ப்பாயும் வாங்கிட்டு வர்றேன்னு வீட்டுல சொல்லிட்டு வந்தேன். கயிறும் வாங்கணும்தான், பொய் இல்ல. ஆனா மூணு மணிக்குள்ள டவர் உள்ள ஏதாவது ஒரு இடத்துல போய் நின்னுரணும். பாதி வழியில இந்த மரம் வந்து படுத்துக்கிச்சு.

மூணு மணிக்கு என்னன்னா... எப்படிச் சொல்றது. ஒருத்தரு நடக்கப் போறாரு.

ஆமா, நடக்கத்தான். மால்ட்டான்னு ஒரு தேசம் இருக்கு, கடலுக்கு நடுவுல, தெரியுமா? இப்ப நம்ம பிள்ளைக நிறைய அங்க போகுது. அதுக்குத் தலைநகரம் வலெட்டா. பழைய காலத்து ஊரு, சுத்திக் கோட்டைச் சுவரு. அந்தத் தெருவுல ஒருத்தரு கேமராவைப் பிடிச்சுக்கிட்டு நடப்பாரு. பேச மாட்டாரு, பாட்டுப் போட மாட்டாரு, மூஞ்சியைக் காட்ட மாட்டாரு. காலடிச் சத்தம் மட்டும் கேக்கும். அதைப் படம் பிடிச்சு யூட்யூப்ல போடுவாரு, நாம வீட்டுல உக்காந்து பாக்க வேண்டியது. நாமளே நடக்குற மாதிரி இருக்கும். சிரிக்கிறீங்க. சம்சாரமும் சிரிச்சா. ஏனுங்க, ஆரோ நடக்குறாங்கோ, உங்களுக்கு எதுக்குங்க வேர்க்குதுன்னு கேட்டா.

அவ பேச்சு அப்படித்தான். இந்தப் பக்கம் வந்து முப்பது வருசமாயும் அந்த ங்க போகல. அவ வடகரப்பதிக்காரி, உங்க பாலக்காட்டுக்குக் கிழக்க. நீங்க கல்பாத்தின்னு சொன்னீங்கள்ல, உங்களுக்குத் தெரியாம இருக்குமா. சிசிலின்னு பேரு. கொழுந்து எடுத்தா, இப்ப முட்டி போயிருச்சு. என் பேரு சூசையப்பன். பீர்மேட்டுக்கு உள்ள ஒரு தேயிலை எஸ்டேட்டு ஃபேக்டரியில, இலை காய வைக்கிற டிரையர் பாக்குறேன். பாத்தேன். ரிட்டயர் ஆயாச்சு. இன்னும் வாய்க்கு வரமாட்டேங்குது.

அந்த ஊரைச் சொல்லவா? கிளம்புற வரைக்கும் வேற என்ன வேலை. கோட்டை வாசலுக்கு வெளிய ஒரு பெரிய நீரூத்து. மூணு வெண்கல ஆளுக ஒரு தட்டைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு நிப்பாங்க, கொழுந்துக் கூடையைத் தூக்குற மாதிரி. வாசலைத் தாண்டினா நேரா ஒரு தெரு, கடைசி வரைக்கும் போகும். அதுக்கு ரெண்டு பக்கமும் குறுக்குத் தெருக்கள், எல்லாமே கடலைப் பாத்து இறங்கும். பாதி தெருவுக்குப் படிதான். நம்ம லயத்துப் படி மாதிரி, மேலயும் கீழயும் ஏறி இறங்கித்தான் ஆகணும். ஆனா சேறு இல்ல. தேன் கலர்ல கல்லு. மாடிக்கு மாடி மரக்கூண்டு வச்ச பால்கனி, பச்சை, சிவப்பு, நீலம். ஒரு சிவப்புப் பால்கனியில மஞ்சப் பூனை ஒண்ணு எப்பவும் படுத்திருக்கும். ஒருநாள் அதைக் காணலன்னதும் எனக்குச் சோறு இறங்கல சார். வேதத்துல வர்ற சின்னப்பரு கப்பல் உடைஞ்சு கரை ஏறின தீவு அதுதான்னு எங்க சாமியாரு பிரசங்கத்துல சொல்லியிருக்காரு. அவருக்கும் அங்க ஒரு கோயில் இருக்கு. அதைத் தாண்டும்போது நான் இங்க சிலுவை போட்டுக்குவேன். லயத்துத் திண்ணையில நின்னுக்கிட்டு, ஃபோனைப் பாத்து.

எதுக்குப் பாக்க ஆரம்பிச்சேனா? அங்க என் மகன் இருக்கான் சார். ஜினோ. ஒரே மகன்.

மூணு வருசத்துக்கு முன்னாடி ஒரு ஏஜென்சி மூலமா போனான். வயசானவங்களைப் பாத்துக்கிற வேலை. ஒரு கிழவி, படுத்த படுக்கை. வீடியோல ஃபோன் பண்ணுவான், அந்தம்மா கையை ஆட்டும், சிசிலி இங்க இருந்து கையை ஆட்டுவா. அது செத்துப் போச்சு, வேலையும் போச்சு. வேற வேலை பாத்துக்கிட்டு இருக்கேன், வேற வேலை பாத்துக்கிட்டு இருக்கேன்னான். அப்புறம் ஃபோன் குறைஞ்சுச்சு, அப்புறம் அந்த நம்பரே இல்லன்னு ஒரு பொம்பளை இங்கிலீஷ்ல சொல்ல ஆரம்பிச்சா. சாந்தன்பாறைப் பையன் ஒருத்தன் லீவுல வந்தவன், ஜினோவை சைக்கிள்ல வீடு வீடா சாப்பாடு கொண்டு குடுக்குற பையோட பாத்தேன், கூப்பிட்டேன், திரும்பாமப் போயிட்டான்னு சொன்னான். திரும்பாமப் போயிட்டான்கிறதை அவன் சொல்லாம இருந்திருக்கலாம்.

கோவமா? கோவம் ஒண்ணும் இல்ல சார். சண்டையும் இல்ல. இருந்தா நல்லா இருந்திருக்கும், மன்னிப்புக் கேட்டுத் தீத்திருக்கலாம். அவனுக்கு வெக்கம். போகும்போது இந்தக் கையைப் பிடிச்சுக்கிட்டு ஒண்ணு சொன்னான். அப்பா, நீங்க ரிட்டயர் ஆகுறதுக்குள்ள சொந்தமா வீடு கட்டிருவேன், நம்ம வீட்டுல யாரும் இனி பேர் பதிய வேண்டாம்னான்.

உங்களுக்கு அது புரியாது. எஸ்டேட்டுல வீடு நம்மளுது கிடையாது. வேலை இருக்குற வரைக்கும் லயம். ரிட்டயர் ஆனா காலி பண்ணணும். இல்ல, மகனோ மகளோ ஆபீசுல போய்ப் பேர் பதிஞ்சு வேலைக்கு இறங்கணும். எங்க அப்பா ரிட்டயர் ஆகும்போது நான் பதிஞ்சேன். அவுக அப்பாவுக்கு அவுக. அப்படித்தான் அந்த ஒரு அறை, ஒரு அடுக்களை எங்ககிட்ட இருந்துச்சு. ஆபீசுல நல்லாத்தான் கேட்டாங்க. சூசையப்பா, மகனை வரச்சொல்லு, மருந்தடிக்கிற செட்டுல போட்டுக்கலாம், லயம் உனக்கேன்னாங்க. அவனுக்கு வெளிநாட்டுல பெரிய வேலை சார்னு சொல்லிட்டு வந்துட்டேன். சொல்லிட்டு வெளிய வந்து குடையை மறந்துட்டேன்னு மறுபடி உள்ள போனேன். அவங்க என்னைப் பாத்த பார்வை இருக்கே.

இந்த மாசக் கடைசிக்குள்ள காலி பண்ணணும். சாமான் கட்டத்தான் கயிறு. சிசிலியோட தம்பி தனபால் ஊருல இருக்கான், வாங்க மாமா, ஊடு கெடக்குதுங்கன்னு சொல்லிட்டான். தென்னந்தோப்புக்குள்ள, சமதரை. அங்க போய் நான் எங்க ஏறுவேன், எங்க இறங்குவேன்.

ஆமா, வண்டிச் சத்தம் மாதிரித்தான் இருக்கு. ஜீப்பா. வெட்டுறவங்களா? இல்லையாம், கல்யாணப் பார்ட்டியாம். பொண்ணு உள்ள உக்காந்து அழுதுக்கிட்டு இருக்கு பாருங்க, பூவெல்லாம் நனைஞ்சு. எல்லாருக்கும் இன்னைக்குத்தான் போய்ச் சேரணும்.

எங்க விட்டேன்? ம், பாக்க ஆரம்பிச்சது. அவன் முகம் எங்கயாவது தட்டுப்படுமான்னுதான் ஆரம்பிச்சேன். நீங்க நினைச்சது சரிதான். அந்த ஊரைப் படம் பிடிக்கிறவங்க நிறைய பேரு இருக்காங்க. வெள்ளைக்காரங்க, கொரியாக்காரங்க, ஒரு அம்மா நாயோட நடக்கும். எல்லாத்தையும் பாத்தேன். கூட்டத்துல கருத்த பையன் வந்தா நிறுத்திப் பாப்பேன். சாப்பாட்டுப் பை வச்சிருந்தா பெருசாக்கிப் பாப்பேன். நம்ம பிள்ளைக எத்தனை சார் அந்தத் தெருவுல! எல்லாம் அவசர அவசரமா, கல்லுல சைக்கிளை உருட்டிக்கிட்டு. ஒவ்வொண்ணும் யாரு பெத்ததோ. பாத்துப் பாத்து எனக்குக் கண்ணுக்குள்ள முகமா ஓட ஆரம்பிச்சிருச்சு. சிசிலி ஃபோனைப் பிடுங்கி அரிசிப் பானைக்குள்ள வச்சுட்டா.

அப்புறம்தான் இவரு கிடைச்சாரு. பாக்குறதுக்கு ஆளே இல்லாத சேனல். இவரைப் பாக்க ஆரம்பிச்சதுல இருந்து மத்தவங்களை விட்டுட்டேன். கூட்டத்துல முகம் தேடுறதையும் விட்டுட்டேன்.

ஏன்னா... நடை பிடிச்சுப் போச்சு சார். அவ்வளவுதான். சில பேரு பாட்டு நமக்குப் பிடிக்குதுல்ல, அந்த மாதிரி. மத்தவங்க அரண்மனையைக் காட்டுவாங்க, தங்கம் இழைச்ச கோயிலைக் காட்டுவாங்க. இவன் கடைக்குப் பின்னாடி வேர்த்துப் போய் உக்காந்து சிகரெட்டு பிடிக்கிற ஆளைக் காட்டுவான். பாத்திரம் கழுவுற ஜன்னலைக் காட்டுவான். துணி காயப் போட்டிருக்கிற படிக்கட்டுல நின்னு மூச்சு வாங்குவான். எனக்கும் இங்க மூச்சு வாங்கும். அவன்னு சொல்லிட்டேனா? வயசுல சின்னவரா இருப்பாருன்னு ஒரு நினைப்பு. வாய்ப் பழக்கம்.

படத்துக்குக் கீழ எழுதுறவங்க திட்டுவாங்க. எப்பப் பாத்தாலும் கேமராவைக் கீழ இறக்கி உன் ஷூவைக் காட்டுற, நாங்க வலெட்டாவைப் பாக்க வந்தோமா, உன் ஷூவைப் பாக்க வந்தோமான்னு ஒருத்தன் கேட்டிருந்தான். ஷூ விக்கிற கம்பெனியான்னு இன்னொருத்தன். இவரு பதில் எழுத மாட்டாரு. அடுத்த தடவையும் அப்படியேதான் நடப்பாரு. சிசிலி அவருக்கு ஷூக்காரருன்னு பேரு வச்சுட்டா. ஏனுங்க, உங்க ஷூக்காரர் வந்தாச்சுங்களான்னு கேப்பா. முதல்ல கிண்டலாத்தான் கேட்டா.

அப்புறம் ஒருநாள் கீரை ஆய்ஞ்சுக்கிட்டே எனக்குப் பின்னாடி நின்னு பாத்தா. ரொம்ப நேரம் பாத்தா. கையில கீரைத் தண்டு அப்படியே இருக்கு. அதோடயே உள்ள போயிட்டா. அடுத்த செவ்வாக்கிழமை அந்தோணியார் கோயில்ல மெழுகுதிரி ஏத்தப் போனவ, இத்தனை மாசமா அழுதுக்கிட்டே ஏத்தினவ, அன்னைக்கு அழல. நான் ஏன்னு கேக்கல. அவளும் சொல்லல. எங்க வீட்டுல இப்படித்தான் சார், ஒரு அறைக்குள்ள இருக்கோம், எல்லாத்தையும் சத்தமாப் பேசினா எங்க போய் நிக்கிறது.

நேரம் என்ன ஆச்சு? அய்யோ. நான் ஏன் இப்படிப் பறக்குறேன்னா, போன வாரம் படத்துல எழுத்துப் போட்டிருந்தாரு. அடுத்த சனிக்கிழமை நேரடி ஒளிபரப்பு, கடைசி நடை, அவ்வளவுதான். வேற விவரம் இல்ல. கடைசின்னா என்ன சார் கடைசி? கேமராவை விக்கிறாரா? ஊரை விட்டுப் போறாரா? எங்க போறாரு? நடையை எப்பவும் அந்த மேல இருக்குற பூங்காவுலதான் முடிப்பாரு. கோட்டைச் சுவரு மேல பூங்கா, எட்டிப் பாத்தா கிடுகிடு பள்ளம், கீழ கடல். அந்தச் சுவரு ஓரமா நின்னு கொஞ்ச நேரம் சும்மா பாத்துக்கிட்டு இருப்பாரு. நான் ஒரு வாரமாத் தூங்கல. நீங்க சொல்லுங்க, கடைசின்னு எழுதினா என்ன அர்த்தம் எடுத்துக்குவீங்க? ஆமா, வேலை மாறிப் போறாரா இருக்கும். அப்படித்தான் இருக்கும். நீங்க படிச்சவங்க, நீங்க சொன்னா சரியா இருக்கும். இன்னொரு தடவை சொல்லுங்க.

இதுக்கு முன்னாடி ஏன் ஒரு வார்த்தை எழுதலன்னு கேக்குறீங்க. நியாயமான கேள்விதான். சார், உங்க ஜன்னல்ல ஒரு குருவி வந்து உக்காருது. தினம் வருது. நீங்க ஜன்னலைத் திறப்பீங்களா? கண்ணாடிக்கு இந்தப் பக்கம் மூச்சுக்கூட விடாம நிப்பீங்கள்ல. பறந்துருச்சுன்னா? அதுவும் இல்லாம, நான் நினைக்கிறது எல்லாம் நானா நினைச்சுக்கிட்டதோ என்னமோ. வயசான காலத்துல, காதுல ஃபேக்டரி ரோலர் சத்தம் அடங்கினதுல இருந்து எனக்குப் பல மாதிரித் தோணுது. சில நாளு நிச்சயமா இருக்கும், சில நாளு போடா பைத்தியக்காரான்னு நானே சொல்லிக்குவேன்.

இப்ப உங்க ஃபோன்ல அந்த ஹாட்ஸ்பாட்டைப் போட்டுக் குடுக்குறீங்களா? உங்களுக்குக் கோடி புண்ணியம். ஜன்னல் பக்கமா பிடிங்க. அந்த ஷட்டரை நான் தூக்கிப் பிடிச்சுக்கிறேன். நனையட்டும் சார், நனைஞ்சா என்ன.

சுத்துது... சுத்துது... வந்திருச்சு. வந்திருச்சு சார்! ஆரம்பிச்சு நேரமாயிருச்சு போல. இல்ல, இப்பத்தான் நீரூத்து. பாத்தீங்களா, மூணு வெண்கல ஆளு. என்ன வெயிலு பாருங்க. இங்க இப்படிக் கொட்டுது, அங்க கல்லெல்லாம் பொரியுது. பாக்குற ஆளுக எண்ணிக்கை மூலையில இருக்கும். ஒம்பது பேரு. நம்மளையும் சேத்து.

காலையில கிளம்பும்போது சிசிலி வாசல்ல நின்னா. கயிறு வாங்கத்தானே போறேன், என்னமோ மெட்ராசுக்குப் போற மாதிரி நிக்கிறியேன்னேன். அந்த ஷூக்காரரை வெயில்ல தொப்பி போட்டுட்டு நடக்கச் சொல்லுங்கன்னா. எவனோ எங்கயோ நடக்குறான், அவன்கிட்ட நான் எங்க போய்ச் சொல்லன்னேன். அவ உப்புப் பொட்டலத்தை என் பையில வச்சுட்டு உள்ள போயிட்டா.

இது பெரிய தெரு. இந்தத் தடவை மெதுவா நடக்குறாரு. ஒவ்வொண்ணாப் பாக்குறாரு, சொல்லிட்டுப் போற மாதிரி. வலது பக்கம் திரும்புவாரு பாருங்க, திரும்பினாரா? இதுதான் படித்தெரு. அந்தச் சிவப்புப் பால்கனி... பூனை! இருக்கு சார், பூனை இருக்கு. பாத்தீங்களா, கேமரா கீழ போச்சு. ஷூ. மறுபடி மேல. ஏன்னா? கல்லு வழுவழுன்னு தேஞ்சு போயிருக்கும்ல, அதுக்காக இருக்கும். அங்க மழையே இல்லையேன்னா... ஆமா, மழை இல்லதான். பாருங்க, இப்ப மறுபடி. இடது காலு, வலது காலு. முடிஞ்சுச்சு. நடக்குறாரு.

இவர்கிட்ட ஜினோவைப் பத்திக் கேக்கலாமேன்னு சொல்றீங்க. அவன் போட்டோவை அனுப்பி, இந்தப் பையனை எங்கயாவது பாத்தா அப்பா அம்மா வீடு மாறுறாங்கன்னு சொல்லச் சொல்லலாமேன்னு. நல்ல யோசனைதான். சொல்லுவாரு. சொன்னா உடனே போய்ச் சேந்துரும்தான். அதுதான் சார் என் பயமே. லயம் போகுதுன்னு தெரிஞ்சா அவன் என்ன செய்வான்னு நினைக்கிறீங்க? கடனோ உடனோ வாங்கி, அடுத்த பிளேன்ல வந்து இறங்குவான். நேரா ஆபீசுக்குப் போயி பேர் பதிஞ்சிருவான். முதுகுல மருந்து டப்பாவைக் கட்டிக்கிட்டு, என்னை மாதிரியே குனிஞ்சு, எங்க அப்பாவை மாதிரியே குனிஞ்சு. பெத்தவங்களுக்கு வீட்டைக் காப்பாத்திக் குடுத்துட்டேன்னு அவன் நினைச்சுக்குவான். நான் ராத்திரிக்கு ராத்திரி அவன் காலுக்கு உப்பு வச்சுக்கிட்டு இருக்கணும்.

ஆனா சொல்லாம விட்டா? அவனா ஒருநாள் தோத்துப் போய் வர்றான்னு வைங்க. படி ஏறி வந்து கதவைத் தட்டுறான், வேற ஒருத்தன் திறக்குறான். அதை நினைச்சாலும் ஆக மாட்டேங்குது. சிசிலிக்கு அவன் வந்தாப் போதும், எப்படி வந்தாலும் சரி. எனக்கு அப்படி இல்லையே. இதுல எது பாசம், எது வீம்பு? வழி நெடுக இதைத்தான் பிசைஞ்சுக்கிட்டு வர்றேன். பக்கத்துல நீங்க உக்காந்ததால உங்களைப் பிசையுறேன்.

சுவரு வந்திருச்சு. பூங்கா இதுதான். வளைவு வளைவா இருக்குல்ல. அதோ கடல். கீழ வரிசையா பீரங்கி நிக்குது தெரியுதா? அங்க மத்தியானம் பன்னெண்டுக்கு ஒண்ணை வெடிப்பாங்க, நமக்கு அது மூணரை. வெடிச்சதும் இவரு நடையை முடிச்சிருவாரு, எப்பவும் அப்படித்தான். அதுக்கு இன்னும் கொஞ்சம்தான் இருக்கு. இப்ப நிக்கிறாரு. சுவரு மேல கை வச்சிருக்காரு, விரலு தெரியுது பாருங்க. சார், என்ன சார் இவரு எட்டி எட்டிப் பாக்குறாரு...

என்னது, மரத்தை வெட்டுறாங்களா? வெட்டட்டும், வெட்டட்டும். ஏ கண்டக்டரே, ரெண்டு நிமிசம் எடுக்காதப்பா, வளைவு திரும்பினா டவர் போயிரும்!

சார், இதுல தமிழ் எழுத்தை நான் தேடிப் பிடிக்கிறதுக்குள்ள பீரங்கி வெடிச்சிரும். நீங்க எழுதிக் குடுங்க. இந்தப் பெட்டிக்குள்ள எழுதினா அவருக்கு உடனே தெரியுமாம்ல? தெரியும்ல? சரி. லயத்தைப் பத்தி வேணாம். தனபால் வீட்டைப் பத்தியும் வேணாம். அம்மா தொப்பி போடச் சொன்னான்னு... வேணாம், அதைப் பாத்தா உடைஞ்சிருவான். இங்கிலீஷ் வேணாம், தமிழ்லயே எழுதுங்க. மத்த எட்டுப் பேருக்கும் புரியாட்டிப் போகுது.

எழுதுங்க. அங்க அட்டை கிடையாது.

ஆமா சார், அட்டைதான். உங்க காலைக் கடிச்சுச்சே, அதேதான். நான் சொல்றதை அப்படியே எழுதுங்க. அங்க அட்டை கிடையாதுடா ஜினோ, நிமிந்து நட.